வைக்கோலுக்குள் ஒரு சாண் தள்ளி

ஜப்பானில் அணுகுண்டு போட்ட செய்தி வந்த வாரம், தென்னூரில் எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒருவர் பேப்பரை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். ஒரே குண்டில் ஒரு ஊர் போய்விட்டது. கல் கட்டடங்கள் தூளாகிவிட்டன. படித்து முடித்ததும் கடைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"பாய், நீங்க காலேஜ்லதானே வேலை பார்த்தீங்க? அணுன்னா என்ன, கொஞ்சம் சொல்லுங்களேன்."

பத்து முகங்கள் என்னைப் பார்த்தன. டீ கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். "பாய் வாயில பூட்டு போட்டிருக்காரு, சாவி அவருகிட்டயும் இல்ல" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தப் பூட்டு ஒரு மனிதரின் கண்ணைப் பறித்தது. வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். இருபது வருஷத்துக்கு முன்னால், திருச்சியில் ஒரு காலேஜில் பௌதிகச் சோதனைச்சாலை அட்டெண்டராக இருந்தேன். கண்ணாடி துடைப்பது, பாட்டரிக்கு அமிலம் ஊற்றுவது, பாதரசத்தைச் சிந்தாமல் வடிகட்டுவது என் வேலை. அங்கே ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. வகுப்பு நடக்கும்போதும் சோதனை காட்டும்போதும் அட்டெண்டர் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்களுக்கு அது கஷ்டமாக இருந்திருக்கும். எனக்கு அது நிம்மதி. பிறந்ததிலிருந்தே நான் அப்படித்தான்.

சோதனைச்சாலையை ஆண்டவர் டெமான்ஸ்ட்ரேட்டர். ஸ்ரீரங்கத்துக்காரர், ஐம்பது வயது, திருமண் துலங்கும் அகன்ற நெற்றி, மல்யுத்தக்காரர் மாதிரி தோள். காற்றை உறிஞ்சியெடுத்த கண்ணாடிக் குழாயில் மின்சாரம் பாய்ச்சி, பச்சை ஒளி மினுங்க வைத்து, பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோய் அந்த ஒளியை வளைத்துக் காட்டுவார். "பார்த்தேளா? இதான் எலெக்ட்ரான். கண்ணுக்குத் தெரியாது. ஆனா காந்தத்தைக் கண்டா ஓடற திக்கை மாத்திக்கறது!" என்பார். பையன்கள் மூச்சு விடாமல் பார்ப்பார்கள். நானும் ஒவ்வொரு வருஷமும் முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்ப்பேன்.

அவர் கையில் எப்போதும் தேக்கு மீட்டர் ஸ்கேல் இருக்கும். அளப்பதைவிட அடிப்பதற்குத்தான் அதிகம் பயன்பட்டது. குழாயில் விரல் ரேகை இருந்தால் என் முழங்கை முட்டியில் ஒன்று. பாதரசம் சிந்தினால் புறங்கையில் மூன்று. ஒரு தடவை குழாய் ஒன்றை உடைத்துவிட்டேன். மின்சாரச் சுருளின் இரண்டு பித்தளை முனைகளையும் என்னைப் பிடிக்கச் சொல்லி விசையைத் தட்டினார். தாடை பூட்டிக்கொண்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு தரையில் விழுந்தேன். வாயெல்லாம் ரத்தம். "இனிமே மறக்காது பார்" என்றார். அது உண்மைதான். அடித்த கையாலேயே எனக்கு மோர் வாங்கிக் கொடுத்ததும் மறக்கவில்லை.

அணுவுக்கு அவர் வைத்திருந்த உருவத்தை நான்தான் செய்தேன். தேன்மெழுகை உருக்கி உருண்டை பிடித்து, அது முழுக்கக் குன்றிமணிகளைப் பதித்தேன். மெழுகு முழுவதும் நேர் மின்சாரம், சமமாகப் பரவியிருப்பது. குன்றிமணி ஒவ்வொன்றும் ஓர் எலெக்ட்ரான். அசைத்தால் இருந்த இடத்திலேயே நடுங்கும், அந்த நடுக்கம்தான் ஒளி என்பார். பையன்களுக்குப் புரியவேண்டுமென்று, "அக்காரவடிசல்ல முந்திரி கிடக்கே, அந்த மாதிரி" என்று சொல்லுவார். எனக்கும் அது புரிந்தது. மெத்தென்ற ஒன்று. எங்கே குத்தினாலும் ஒரே மாதிரி இருக்கும்.

பிறகு ஒரு வருஷம் புது லெக்சரர் வந்தார். துறையூர்ப் பக்கம் கடலை போடும் குடியானவர் வீட்டுப் பிள்ளை, மெட்ராஸில் எம்.ஏ. முடித்தவர். இருபத்தாறு வயது. உத்தியோகத்தில் டெமான்ஸ்ட்ரேட்டருக்கு மேலே. பகைக்கு அது ஒன்றே போதுமாயிருந்தது. போதாததற்கு, முதல் வாரமே என்னைக் கூப்பிட்டு, மெழுகு உருண்டையைக் கையில் எடுத்து, "பாய், இது தப்புங்க" என்றார்.

அவர் சொன்னது இதுதான். அணுவின் எடை கிட்டத்தட்ட முழுவதும் நடுவில், ஒரு துளியூண்டு கருவில் இருக்கிறது. நேர் மின்சாரமும் அங்கேதான். எலெக்ட்ரான்கள் வெகு தூரத்தில் சுற்றுகின்றன. மற்றதெல்லாம் வெட்டவெளி. எப்படித் தெரியும் என்றால், மெல்லிய தங்கத் தகட்டின்மேல் ரேடியத்திலிருந்து பாயும் துகள்களை ஏவிப் பார்த்திருக்கிறார்கள். அநேகமாக எல்லாமே தகடு இல்லாத மாதிரி ஊடுருவிப் போயின. சில ஒதுங்கின. ஆயிரக்கணக்கில் ஒன்று மட்டும் முட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பியது. மெத்தென்ற அணு எதையும் அப்படித் திருப்பியடிக்காது. உள்ளே கெட்டியாக ஒன்று இருந்தால்தான் அடிக்கும்.

இது டெமான்ஸ்ட்ரேட்டர் காதுக்குப் போனது. சோதனைச்சாலையிலேயே மோதிக்கொண்டார்கள். பன்னிரண்டு பையன்கள் இருந்தார்கள், நான் மூலையில் இருந்தேன்.

"ஓய், உம்ம எலெக்ட்ரான் சுத்தறதுன்னே வெச்சுக்குவோம். சுத்தற மின்சாரம் ஒளியா சக்தியை இறைச்சுண்டே இருக்கும், இல்லையா? உம்ம மெட்ராஸ்ல சொல்லித் தரலையா?"

"தந்தாங்க சார்."

"இறைச்சா வேகம் குறையும். வேகம் குறைஞ்சா சுருண்டு சுருண்டு உம்ம கருவுலயே போய் விழும். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள! அப்படின்னா இந்த மேஜை, இந்தச் சுவர், நீர், நான், எல்லாம் இந்நேரம் நசுங்கிப் போயிருக்கணும்!" என்று ஸ்கேலை ஓங்கி மேஜையில் அடித்தார். பக்கத்திலிருந்த கண்ணாடிக் குடுவை தெறித்தது. சில்லு ஒரு பையனின் கன்னத்தைக் கிழித்தது. "நசுங்கலையே, பார்த்தீரா?"

லெக்சரர் அந்தப் பையனுக்குக் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "அந்தக் கேள்வி சரிதான் சார். அதுக்கும் பதில் வந்திருக்கு. எலெக்ட்ரான் கண்ட இடத்துல சுத்தாது. குறிப்பிட்ட சில பாதைதான் அதுக்கு உண்டு. அதுல இருக்கிற வரைக்கும் ஒண்ணும் இறைக்காது. ஒரு பாதையிலேருந்து இன்னொண்ணுக்குத் தாவுறப்பதான் ஒளி வரும். மலைக்கோட்டைப் படி மாதிரி. இந்தப் படியில நிக்கலாம், அடுத்த படியில நிக்கலாம். நடுவுல நிக்க முடியாது."

"யார் போட்ட படி அது?"

"படி இருக்குன்னு கணக்கு சொல்லுது. யார் போட்டாங்கன்னு தெரியலை."

"தெரியலையாம்! துறையூர்ல கடலையைப் பிடுங்கினா அடியில பருப்பு இருக்கும். அதைப் பார்த்துட்டு எல்லாத்துக்கும் உள்ளே பருப்பு இருக்குன்னு கிளம்பிட்டார்!"

அன்று முதல் பையன்கள் இரண்டு கட்சி ஆனார்கள். ஒன்று அக்காரவடிசல் கட்சி, மற்றது கடலைக் கட்சி. முதலில் கேலி, பிறகு மைக்கூடு வீச்சு. ஒரு மத்தியானம் ஹாஸ்டல் கிணற்றடியில் வாளியால் அடித்துக்கொண்டார்கள். ஒருவனுக்கு முன்பல் இரண்டு போயிற்று. இன்னொருவன் கையை முறித்துக்கொண்டான். கல் தரையில் கிடந்த ரத்தத்தைக் கழுவிவிட்டவன் நான். பாதிப் பேருக்கு அணு என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாது. அடிக்க ஒரு கட்சி வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

லெக்சரர் இதை ஒரே நாளில் தீர்த்துவைக்க நினைத்தார். காலேஜ் மைதானத்தில், எல்லார் முன்னாலும், தங்கத் தகட்டுச் சோதனையைப் பெரிதாகச் செய்து காட்டுவது என்று திட்டம். மூன்றடிக்கு மூன்றடி மூங்கில் தட்டி. அதன்மேல் ஒரு கை கனத்துக்கு வைக்கோலைத் தளர்வாக வேய்வது. உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல், ஓர் இரும்புக் குண்டு. உண்டிவில்லால் சைக்கிள் பேரிங்கில் இருக்கும் சின்ன எஃகு ரவைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடிப்பது. மிச்சமெல்லாம் வைக்கோலைத் துளைத்துப் பின்னால் தொங்கும் கம்பளியில் விழும். எப்போதாவது ஒன்று குண்டில் பட்டுத் திரும்பி வரும். அடிப்பவன் தடித்த பலகைக்குப் பின்னால் நின்று ஒரு துளை வழியாக அடிக்க வேண்டும். என் அத்தா சைக்கிள் கடை வைத்திருந்ததால் ரவைகளை நான் கொண்டுவந்தேன்.

"குண்டு சரியா நடுவுல இருக்கணும் பாய். உள்ளே என்ன இருக்குன்னு யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா சோதனையே போச்சு" என்றார் லெக்சரர்.

நான் கட்டினேன். குண்டு தேங்காய் அளவு, ஒரு கையால் தூக்க முடியாத கனம். நடு மூங்கில் அந்தக் கனத்தில் விரிசல் விட்டது. அதனால் இடது பக்கமாக ஒரு சாண் தள்ளி, கெட்டியான மூங்கிலில் கட்டி, வைக்கோலை வேய்ந்துவிட்டேன். இதை லெக்சரரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் மூன்று பேரோடு பேசிக்கொண்டிருந்தார். குறுக்கே போய்ப் பேச எனக்குக் கூச்சம். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை நான் தட்டியைக் காத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தபோது டெமான்ஸ்ட்ரேட்டர் வந்தார்.

"உள்ளே என்னடா வெச்சிருக்கான்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உன்னைத்தான் கேக்கறேன். கல்லா? இரும்பா?"

முதல் அடி தோளில். இரண்டாவது காதில். மூன்றாவதுக்குக் கையைக் குறுக்கே வைத்தேன், விரல் எலும்பில் விழுந்தது. நான்கு, ஐந்து என்று விழுந்துகொண்டே இருந்தது. ஸ்கேலே விரிசல் விட்டுவிட்டது. என் சட்டை கிழிந்து தொங்கியது. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். வராந்தாவில் கிடந்த இரும்புக் கம்பி ஒன்றை எடுத்து, தட்டியின் நட்ட நடுவில் குத்தினார். கம்பி மறுபக்கம் வந்தது. கொஞ்சம் மேலே குத்தினார், கொஞ்சம் கீழே குத்தினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

"மறந்துட்டான்! இல்லேன்னா தைரியம் வரலை! சாயங்காலம் பார்த்துக்கறேன்" என்று கம்பியைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் மைதானம் நிறைந்திருந்தது. பிரின்ஸ்பால் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். லெக்சரர் இரண்டு விதமான அணுவைப் பற்றியும் பத்து நிமிஷம் பேசினார். ஒரு பையன் உண்டிவில்லோடு பலகைக்குப் பின்னால் போனான். அப்போது டெமான்ஸ்ட்ரேட்டர் எழுந்து வந்தார். பையன் கையிலிருந்து உண்டிவில்லைப் பிடுங்கினார். பலகையைக் காலால் எத்தினார். அது மல்லாந்து விழுந்தது.

"சார், பலகைக்குப் பின்னாடி நில்லுங்க!"

"எதுக்கு? வைக்கோல் என்னைக் கடிக்குமோ?"

அக்காரவடிசல் கட்சி விசிலடித்தது. லெக்சரர் அவர் கையைப் பிடித்தார். அவர் ஒரு தள்ளுத் தள்ளியதில் லெக்சரர் புழுதியில் விழுந்தார். எழுந்து, "சார், உள்ளே..." என்று ஆரம்பித்தார்.

"உள்ளே ஒண்ணுமில்லே! நேக்குத் தெரியும்!"

முதல் பத்து ரவைகளை நட்ட நடுவில் அடித்தார். கை தேர்ந்த குறி. பத்தும் வைக்கோலைத் துளைத்துக்கொண்டு பின்னால் கம்பளியில் பொத் பொத்தென்று விழுந்தன. பையன்கள் உரக்க எண்ணினார்கள். லெக்சரர் முகம் வெளுத்துப்போயிற்று. குண்டு வைக்க நான் மறந்துவிட்டேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் பதில் சொல்லவில்லை. அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அங்கே கூடியிருந்தவர்களில் உள்ளே குண்டு இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அது இருக்கும் இடமும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பதினைந்து. இருபது. அவர் இப்போது தட்டி முழுக்க அடித்துக் காட்டினார். வலது மேல் மூலை, வலது கீழ். "எங்க உம்ம பருப்பு? வரச்சொல்லும்!" என்று ஒவ்வொரு அடிக்கும் கத்தினார். ஓரடி முன்னால் நகர்ந்தார். முப்பது. குறி இடது பக்கம் வந்தது. முப்பத்து மூன்று. "சார்" என்ற ஒரு சொல் போதும். அட்டெண்டர் பேசக் கூடாது என்பது வழக்கம். நான் கூச்சக்காரன் என்பதும் உண்மை. இவ்வளவு காலம் இந்த இரண்டையும்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவதையும் எழுதிவிடுகிறேன். காலையில் அவர் அடித்த விரல்கள் வீங்கி, மடக்க முடியாமல் இருந்தன. அந்த விரல்களைப் பார்த்தேன், பிறகு அவரைப் பார்த்தேன். வரட்டும் என்று என்னுள் ஒன்று சொன்னது.

முப்பத்தேழாவது ரவை டங்கென்றது. கோயில் மணி மாதிரி துல்லியமான சத்தம். அவர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டார். "ரங்கா!" என்று ஒரே ஒரு கூச்சல். விரல்களுக்கு நடுவிலிருந்து ரத்தமும் தண்ணீரும் ஒழுகின. கடலைக் கட்சியில் யாரோ கை தட்ட ஆரம்பித்து, சட்டென்று நிறுத்தினான்.

இடது கண் போய்விட்டது. டாக்டர் அதை எடுத்துவிட வேண்டியிருந்தது.

ஒரு மாதம் கழித்து பிரின்ஸ்பால் அறையில் விசாரணை. லெக்சரருக்கு வேலை போகும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அபாயமான பொருளை மறைத்து வைத்தது அவர்தானே. டெமான்ஸ்ட்ரேட்டர் ஒரு கண்ணில் பஞ்சுக் கட்டோடு உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். லெக்சரர், "நடுவுல வைக்கச் சொன்னேன். நடுவுல பத்து அடிச்சும் எதுவும் திரும்பலை. வைக்கவே இல்லைன்னு நினைச்சேன். அது என் தப்பு" என்றார்.

டெமான்ஸ்ட்ரேட்டர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"எங்கடா வெச்சே?"

எல்லாரும் காத்திருந்தார்கள்.

"இடது பக்கமா ஒரு சாண் தள்ளிங்க. நடு மூங்கில் தாங்கலை. யாருகிட்டயும் சொல்லலைங்க." பேச ஆரம்பித்த பிறகு நிற்கவில்லை. "காலையில நீங்க நடுவுல மட்டும் குத்திப் பார்த்ததும் எனக்குத் தெரியும். நீங்க அடிச்சிட்டு இருக்கிறப்ப, இப்ப படும், இப்ப படும்னு தெரிஞ்சே நின்னேன். சத்தம் போட்டிருக்கலாங்க. போடலை."

பிரின்ஸ்பால், "குத்திப் பார்த்தீரா?" என்று டெமான்ஸ்ட்ரேட்டரைக் கேட்டார்.

"பார்த்தேன்." அவர் தொண்டைக்குள் சிரித்தார், கேட்கக் கஷ்டமான சிரிப்பு. "இவர் சித்தாந்தத்துல கரு நடுவுல. அதனால நடுவுல மட்டும் குத்தினேன். என் சித்தாந்தத்துல எல்லாம் எங்கேயும் சமமா பரவியிருக்கு. அதை நான் நிஜமாவே நம்பியிருந்தேன்னா, எல்லா இடத்துலயும் குத்தியிருக்கணும். எப்பவோ இவர் கட்சிக்கு வந்துட்டேன், நேக்கே தெரியலை. இவர்மேல குத்தமில்லே. எழுதிக்கோங்கோ."

எழுந்து என்னிடம் வந்தார். பிரின்ஸ்பால் "வேண்டாம்" என்று சொல்வதற்குள் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். சுவரில் போய் மோதினேன். காதில் அந்த டங்கென்ற சத்தம் மறுபடி கேட்டது.

"காலையில அடிச்சதெல்லாம் அநியாயம். இது வாயைத் திறக்காததுக்கு" என்றார்.

எனக்குப் பதினைந்து நாள் சம்பளமில்லா விடுப்பு. லெக்சரருக்கு ஒரு கண்டிப்புக் கடிதம். வேலை தப்பியது.

நான் திரும்பி வந்த நாளில் இரண்டு பேரும் சோதனைச்சாலையில் இருந்தார்கள். மெழுகு உருண்டை அலமாரியில் இல்லை. தரையின் மூலைகளில் அங்கங்கே குன்றிமணி கிடந்தது. யார் உடைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. மேஜைமேல் ஒரு பெரிய கண்ணாடிக் குழாய், டெமான்ஸ்ட்ரேட்டரே ஊதி ஒட்டியது, சூடு ஆறிக்கொண்டிருந்தது. அவர் ஒற்றைக் கண்ணால் லெக்சரரை முறைத்துக்கொண்டிருந்தார்.

"கருவை ஒத்துண்டாச்சு. அதுக்கு விலையும் கொடுத்தாச்சு. இப்போ உம்ம படிக்கட்டுக் கதைக்கு வாரும். ஒரு படியிலேருந்து இன்னொரு படிக்குத் தாவறதே, நடுவுல அது எங்கே இருக்கும்?"

"நடுவுல எங்கயும் இருக்காது சார்."

"எங்கயும் இருக்காதா! இங்கேருந்து அங்கே போற வஸ்து, வழியில எங்கயும் இல்லையா? என்ன ஓய் உளர்றீர்?"

"எனக்கும் புரியலை சார். அதைப் படியாவே பார்க்கக் கூடாதோ என்னமோ. எலெக்ட்ரானை அலைன்னு இப்ப சிலர் சொல்றாங்க. ஒரு புள்ளியில இல்லாம, கருவைச் சுத்திப் பரவிக் கிடக்குமாம்."

"பரவியா?" அவர் நிமிர்ந்தார். "நான் என்னய்யா சொல்லிண்டிருந்தேன் இத்தனை வருஷமா! பரவியிருக்குன்னுதானே!"

"நீங்க நேர் மின்சாரம் பரவியிருக்குன்னீங்க சார். இது எலெக்ட்ரான்."

புது ஸ்கேல் மேலே போனது. ஒரு கண் போனதில் அவருக்குத் தூரம் சரியாகத் தெரியவில்லை. அது இறங்கப் போகும் இடம் எனக்குத் தெரிந்தது.

"சார், கண்ணாடி இருக்குங்க!" என்று கத்தினேன்.

வகுப்பறை வரை கேட்டிருக்கும். ஸ்கேல் அந்தரத்தில் நின்றது. இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மெதுவாகக் கையை இறக்கி, இன்னொரு கையால் குழாயைத் தடவிப் பார்த்து, மேஜையின் நடுப்பக்கமாக நகர்த்தி வைத்தார்.